பட்டப்படிப்பில் ஜி.பி.ஏ. குறைவு: அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கான போஸ்ட்பேக் படிப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் நான்கு வருட இளநிலைப் பட்டம் முடித்த பிறகே மருத்துவக் கல்லூரி. அந்த நான்கு வருடத்தில் மதிப்பெண் சராசரி (ஜி.பி.ஏ., உச்சம் 4.0) சரிந்துபோனவர்கள், பட்டம் வாங்கிய பிறகு அறிவியல் பாடங்களை மேலும் படித்துத் தங்கள் தகுதியை நிரூபிக்க உள்ள வழிகளைத்தான் பொதுவாக ‘போஸ்ட்பேக்’ என்கிறார்கள். அதைப் பற்றி மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

என் ஜி.பி.ஏ. 2.9. டாக்டர் ஆவது இனி நடக்காதா?

நடக்கும். ஆனால் இந்த வருடமே நடக்காது. முதலில் நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். 2023-24 சேர்க்கையில் எம்.டி. கல்லூரிகளுக்கு (இங்கே எம்.டி. என்பது நம்மூர் எம்.பி.பி.எஸ். போல முதல் மருத்துவப் பட்டம்) சுமார் 52,600 பேர் விண்ணப்பித்தார்கள்; ஏறக்குறைய 23,000 பேருக்கு இடம் கிடைத்தது. இடம் கிடைத்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 3.77, மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் சராசரி 511.7 (உச்சம் 528). அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமான ஏ.ஏ.எம்.சி., எந்த ஜி.பி.ஏ.வும் எந்த எம்கேட்டும் சேர்ந்தால் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று ‘ஏ-23’ என்ற அட்டவணையில் வெளியிடுகிறது. உங்கள் கட்டம் எது என்று ஒருமுறை பாருங்கள். சின்ன எண்தான் இருக்கும், ஆனால் பூஜ்யம் இருக்காது.

அந்தச் சின்ன எண்ணுக்குள் வருகிறவர்கள் யார் என்பதுதான் முக்கியம். ஒருகாலத்தில் சரிந்து, பிறகு ஏறி, அந்த ஏற்றத்தைத் தொடர்ந்து காட்டியவர்கள் அதில் நிறைய இருக்கிறார்கள். அதனால் எந்தப் படிப்பில் சேரலாம் என்று யோசிப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: மதிப்பெண் ஏன் குறைந்தது? வேலையா, உடல்நலமா, மன அழுத்தமா, கண்டுபிடிக்காமல் விட்ட கவனக்குறைபாடா, பிடிக்காத பாடமா, படிக்கும் முறையே தப்பா? காரணம் அப்படியே இருக்கும்போது ஐம்பதாயிரம் டாலர் கட்டி எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் பழைய மதிப்பெண்தான் திரும்ப வரும்.

போஸ்ட்பேக்கில் எத்தனை வகை?

ஏ.ஏ.எம்.சி. தளத்தில் போஸ்ட்பேக் படிப்புகளுக்கென்றே தேடல் வசதி உள்ள பட்டியல் இருக்கிறது. அதைத் திறந்தால் தலை சுற்றும். நடைமுறையில் இவ்வளவுதான்.

துறை மாறுகிறவர்களுக்கானது முதல் வகை. வரலாறோ பொருளாதாரமோ படித்தவர், உயிரியல், வேதியியல், இயற்பியல் எதையும் தொடாதவர், இப்போது அவற்றைப் புதிதாகப் படிக்க வருகிறார். இரண்டாவது, அந்தப் பாடங்களை ஏற்கெனவே படித்து மதிப்பெண் குறைந்தவர்கள் மேல்நிலை அறிவியல் பாடங்களைப் படித்துத் தூக்கி நிறுத்துவதற்கானது. மூன்றாவது ‘ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்’, சுருக்கமாக எஸ்.எம்.பி. முதலாண்டு மருத்துவப் பாடங்களுக்கு இணையான ஒரு முதுநிலைப் படிப்பு. நான்காவது, பொருளாதாரத்திலோ கல்வி வாய்ப்பிலோ பின்தங்கிய சூழலிலிருந்து வருபவர்களுக்கானது. தென் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ‘மெட்பிரெப்’, கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் போஸ்ட்பேக் கூட்டமைப்பு ஆகியவை இந்த வகை. இரண்டு பேர் மென்பொருள் வேலையில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இவை பொருந்தாது. ஆனால் மோட்டல் அறையில் வளர்ந்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி போன பிள்ளைக்குப் பொருந்தலாம். அப்படிப்பட்ட பின்னணி இருந்தால் கூச்சப்படாமல் விண்ணப்பியுங்கள்.

இவை எதிலும் சேராமல், பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் தனித்தனியாக வகுப்பு எடுத்துப் படிப்பதும் உண்டு. அதைப் பற்றிக் கீழே.

கொலம்பியா, பிரின் மார், கூச்சர் என்று பெரிய பெயராகச் சொல்கிறார்களே. அங்கே போனால் என்ன?

கொலம்பியாவின் போஸ்ட்பேக் 1955-இல் தொடங்கியது. நாட்டிலேயே மிகப் பழையது. பிரின் மார், கூச்சர், ஸ்கிரிப்ஸ் ஆகியவற்றுக்கும் நல்ல பெயர். ஆனால் இவை எல்லாமே துறை மாறுகிறவர்களுக்கானவை. ஏற்கெனவே ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வரை படித்து சி வாங்கியவரை எடுப்பதற்காக இவை நடத்தப்படவில்லை. தவிர, பிரின் மார் போன்ற சிறிய படிப்புகள் இளநிலையில் உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர்களையே எடுக்கின்றன. அவர்களுடைய உயர்ந்த வெற்றி விகிதத்துக்கு அதுவும் ஒரு காரணம். விளம்பரத்தில் ‘90 சதவீதத்துக்கு மேல்’ என்று எங்கே பார்த்தாலும், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசிவரை இருந்தார்கள், யாரை எல்லாம் விண்ணப்பிக்கவே விடவில்லை என்று கேளுங்கள்.

மதிப்பெண் குறைந்தவர்கள் பார்க்க வேண்டியது வேறு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ‘ஸ்பெஷலைஸ்டு ஸ்டடீஸ்’ என்ற பிரிவு, டெம்பிள் பல்கலைக்கழகத்தின் போஸ்ட்பேக், ஹார்வர்ட் எக்ஸ்டென்ஷன், பெர்க்லி எக்ஸ்டென்ஷன் போன்றவை. எக்ஸ்டென்ஷன், அதாவது பொதுமக்களுக்கான வகுப்புகளில் சேர்வது எளிது, ஏ வாங்குவதுதான் கடினம்.

ஒரு வருடம் எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் ஜி.பி.ஏ. எவ்வளவு ஏறும்?

நினைப்பதைவிடக் குறைவாகத்தான் ஏறும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் அளவு; ஏ வாங்கினால் ஒரு கிரெடிட்டுக்கு 4 புள்ளி. 120 கிரெடிட்டில் 2.9 என்றால் 348 புள்ளி. மேலும் 30 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் இன்னொரு 120 புள்ளி. மொத்தம் 468, அதை 150-ஆல் வகுத்தால் 3.12. அவ்வளவுதான். இதே ஆள் 3.5 தொட வேண்டுமானால் 144 கிரெடிட்டில் ஏ வாங்க வேண்டும். இன்னொரு முழுப் பட்டத்துக்கும் மேல் அது. யாரும் அதைச் செய்யப்போவதில்லை, செய்யவும் வேண்டாம்.

அப்படியானால் எதற்கு இந்தப் பாடு என்று மனம் விட்டுப்போக வேண்டாம். ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம் உங்கள் மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு எப்படி அனுப்புகிறது என்று தெரிந்தால் புரியும். அது ஒற்றை எண்ணாகப் போவதில்லை, ஒரு அட்டவணையாகப் போகிறது. முதலாண்டு ஒரு வரி, இரண்டாமாண்டு ஒரு வரி, மூன்று, நான்கு, அதன் கீழ் போஸ்ட்பேக்குக்குத் தனி வரி, பிறகு மொத்தம். ஒவ்வொரு வரியிலும் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கும் சேர்ந்த ‘பி.சி.பி.எம்.’ ஒரு பத்தியில். மற்ற பாடங்கள் இன்னொரு பத்தியில். தேர்வுக்குழுவில் இருப்பவர் பார்ப்பது 2.5, 2.7, 3.0, 3.3, அதன் கீழ் 3.95 என்ற வரிசையை. மொத்தம் 3.12 என்று கீழே இருந்தாலும் அந்த வரிசை தனியாகப் பேசும்.

அறிவியல் ஜி.பி.ஏ. சீக்கிரம் ஏறும் என்பதும் ஒரு ஆறுதல். 40 அறிவியல் கிரெடிட்டில் 2.6 இருந்தவர் 30 கிரெடிட் ஏ வாங்கினால் 3.2-க்கு வந்துவிடுகிறார். இன்னொன்று, உங்கள் கல்லூரி ஏ பிளஸ்ஸுக்கு 4.3 கொடுத்தாலும் ஆம்காஸில் அது 4.0 தான், ஏ மைனஸ் 3.7. கல்லூரி போட்ட ஜி.பி.ஏ.வை நம்பாமல் நீங்களே ஒரு எக்செல் தாளில் போட்டுப் பாருங்கள்.

சி வாங்கிய பாடத்தைத் திரும்பப் படித்தால் பழையது போய்விடுமா?

போகாது. ஆம்காஸில் இரண்டு முயற்சியும் கணக்கில் வரும். டி.ஓ. என்ற இன்னொரு வகை மருத்துவப் பட்டம் (ஆஸ்டியோபதி) தரும் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆகோமாஸில் முன்பு புதிய மதிப்பெண் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. 2017-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். பழைய அறிவுரையைக் கேட்டு ஏமாறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சி மைனஸ், டி, எஃப் வாங்கிய அடிப்படைப் பாடத்தைத் திரும்பப் படிக்கத்தான் வேண்டும். பல கல்லூரிகள் சி-க்குக் கீழ் ஏற்பதில்லை. பி வாங்கியதைத் திரும்பப் படிப்பது வீண். அதற்குப் பதிலாக பயோகெமிஸ்ட்ரி, பிசியாலஜி, செல் பயாலஜி, மைக்ரோபயாலஜி, இம்யூனாலஜி என்று மேலே போங்கள்.

டெக்சாஸ்வாசிகளுக்கு மட்டும் ஒரு தனி வழி உண்டு. ‘அகாடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட்’ என்ற மாநிலச் சட்டப்படி 10 வருடத்துக்கு முந்தைய கல்லூரிப் படிப்பைக் கணக்கிலிருந்து விலக்கக் கேட்கலாம். ஆனால் மொத்தமாகத்தான் விலக்க முடியும். நல்ல மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு மோசமானதை மட்டும் கழற்ற முடியாது. அந்தக் கிரெடிட்டும் சேர்ந்தே போய்விடும்.

எஸ்.எம்.பி. நேரடியாக மருத்துவக் கல்லூரிக்குள் கொண்டுபோகும் என்கிறார்களே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பதில் சொல்வேன், ஏனென்றால் இங்கேதான் நம் பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

ஜார்ஜ்டவுன், சின்சினாட்டி, பாஸ்டன், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகங்களில் உள்ளவை பரவலாகத் தெரிந்த எஸ்.எம்.பி.க்கள். பெரும்பாலும் ஒரு வருடம், சில இடங்களில் இரண்டு. ஜார்ஜ்டவுனில் முதலாண்டு மருத்துவ மாணவர்களின் பாடங்களையே படித்து, அவர்களோடு ஒப்பிட்டே மதிப்பிடப்படுவீர்கள். அதில் நன்றாகச் செய்தால், ‘இந்தப் பிள்ளையால் மருத்துவப் பாடத்தைத் தாங்க முடியும்’ என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேறு இல்லை. அந்த வகையில் அது உண்மையிலேயே வலுவான வழி.

சிக்கல் இரண்டு. எஸ்.எம்.பி. முதுநிலைப் படிப்பு என்பதால் அதன் மதிப்பெண் இளநிலை ஜி.பி.ஏ.வில் சேராது, தனி வரியில் நிற்கும். 2.9 அப்படியே 2.9 தான். 3.0-க்குக் கீழ் இருப்பவரின் விண்ணப்பத்தைச் சில கல்லூரிகள் கணினியிலேயே கழித்துவிடும், அங்கே எஸ்.எம்.பி.யில் வாங்கிய 3.9-ஐப் பார்க்க ஒரு மனிதர் இருக்க மாட்டார். இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. எஸ்.எம்.பி.யில் 3.2 வாங்கினால் முதலுக்கே மோசம். இளநிலையில் தடுமாறியவர் பிறகு மருத்துவப் பாடத்திலும் தடுமாறினார் என்று எழுதிக் கொடுத்ததாகிவிடும். அதன் பிறகு திரும்பி வர வழி மிகக் குறைவு.

அதனால் வரிசை இதுதான்: முதலில் இளநிலை அளவிலான வகுப்புகளில் தொடர்ந்து ஏ வாங்கிக் காட்டுங்கள். மொத்தம் 3.0-ஐத் தாண்டுங்கள். எம்கேட்டும் எழுதிவிடுங்கள், பல எஸ்.எம்.பி.க்கள் அதைக் கேட்கவும் செய்யும். அதற்குப் பிறகும் தேவை என்றால் எஸ்.எம்.பி. அதிலும், தங்கள் மருத்துவக் கல்லூரியிலேயே நேர்காணலுக்கு உறுதி தரும் படிப்பாகப் பார்த்துச் சேருங்கள். மருத்துவக் கல்லூரியே இல்லாத ஊரில் ‘பயோமெடிக்கல் சயின்ஸ்’ என்று பெயர் வைத்த முதுநிலைப் படிப்புகள் நிறைய முளைத்திருக்கின்றன. பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிறதே என்ற தவிப்பில் பெற்றோர் பணம் கட்டிவிடுகிறார்கள். தவிப்பு புரிகிறது, ஆனால் தயவுசெய்து பொறுங்கள்.

படிப்பு எதிலும் சேராமல் நானே வகுப்பு எடுத்துப் படித்தால் மதிப்பார்களா?

மதிப்பார்கள். என் கருத்தில் மதிப்பெண் குறைந்த பெரும்பாலோர் தொடங்க வேண்டிய இடமே இதுதான். மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் சாராத மாணவராகப் பதிந்து, முதல் செமஸ்டரில் இரண்டே வகுப்பு. இரண்டிலும் ஏ வந்தால் அடுத்ததில் மூன்று, அதன் பின் முழுப் பாரம். கடைசியில் ஒரு வருடமாவது 12 முதல் 15 கிரெடிட் ஒரே செமஸ்டரில் எடுத்துச் சமாளித்ததைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒன்றே ஒன்று எடுத்து ஏ வாங்கினால் அது பாரத்தைத் தாங்கும் திறனுக்குச் சாட்சி ஆகாது.

கம்யூனிட்டி காலேஜ் மலிவு, தொடங்குவதற்கு நல்லது. ஆனால் நான்காண்டுக் கல்லூரியில் தடுமாறியவர் மீட்சியை முழுக்க அங்கேயே காட்டினால் சில கல்லூரிகள் தயங்கும். எந்தக் கல்லூரி என்ன ஏற்கிறது என்பது ஏ.ஏ.எம்.சி.யின் ‘எம்.எஸ்.ஏ.ஆர்.’ தரவுத்தளத்தில் இருக்கிறது. சந்தா கட்டினாலும் தகும்.

தனியாகப் படிப்பதில் இழப்பது வழிகாட்டுபவரையும், குழுவாகத் தரும் பரிந்துரைக் கடிதத்தையும். பேராசிரியரின் அலுவல் நேரத்துக்கு வாரம் தவறாமல் போய் உட்கார்ந்தால் கடிதத்துக்கு வழி பிறக்கும்.

லிங்கேஜ் என்றால் என்ன?

சில போஸ்ட்பேக்குகள் குறிப்பிட்ட மருத்துவக் கல்லூரிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தம். நிபந்தனைகளை எட்டினால், விண்ணப்பித்துக் காத்திருக்கும் ஒரு வருடம் இல்லாமல் நேரடியாகச் சேரலாம். நிபந்தனை பெரும்பாலும் கடுமையானது. சில இடங்களில் பழைய இளநிலை ஜி.பி.ஏ.வுக்கும் வரம்பு உண்டு. அதைக் கேட்காமல் லிங்கேஜை நம்பிச் சேர வேண்டாம்.

எம்கேட்டில் 515 எடுத்துவிட்டால் ஜி.பி.ஏ.வை மறந்துவிடுவார்களா?

மறக்க மாட்டார்கள். எம்கேட் 472-இலிருந்து 528 வரை. நல்ல மதிப்பெண் உங்கள் மூளையைக் காட்டுகிறது. நான்கு வருட ஒழுங்கை அது காட்டாது. குறைந்த ஜி.பி.ஏ.வும் உயர்ந்த எம்கேட்டும் மட்டும் இருந்தால் ‘திறமை இருந்தும் படிக்கவில்லை’ என்று வாசிக்கிறவர்களும் உண்டு. புதிய ஏ-க்களோடு சேர்ந்து வரும் எம்கேட்டுக்குத்தான் முழு மதிப்பு.

‘சும்மா எழுதிப் பார்க்கிறேன்’ என்று உட்காராதீர்கள். வாழ்நாளில் 7 முறைதான் எழுதலாம், எழுதிய மதிப்பெண் எல்லாம் கல்லூரிக்குத் தெரியும். முழுநீள மாதிரித் தேர்வுகளில் இலக்கைத் தொடர்ந்து தொட்ட பிறகே தேதி.

மதிப்பெண் குறைந்ததை விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது?

சுருக்கமாக. பழியை யார் மீதும் போடாமல். ‘பேராசிரியர் சரியாக நடத்தவில்லை’ என்ற ஒரு வரி போதும், மொத்தமும் கெட்டுவிடும். இப்படி எழுதலாம்: ‘இரண்டாம் ஆண்டில் குடும்பத்துக்காக வாரம் 30 மணி நேரம் வேலை பார்த்தேன், படிப்பைச் சமாளிக்க முடியவில்லை. மூன்றாமாண்டு இறுதியில் வேலையைக் குறைத்தேன். அதன் பின் எடுத்த 34 கிரெடிட்டில் என் ஜி.பி.ஏ. 3.9.’ நடந்தது என்ன, மாற்றியது என்ன, விளைவு என்ன. மூன்றே வரி.

மன அழுத்தம், சிகிச்சை பற்றி எவ்வளவு சொல்வது என்பது உங்கள் உரிமை. ‘உடல்நலப் பிரச்சினை, இப்போது சரியாகிவிட்டது’ என்பதே போதும். நன்னடத்தை நடவடிக்கை, அகாடமிக் புரொபேஷன் (மதிப்பெண் குறைவுக்காகக் கல்லூரி தரும் எச்சரிக்கை) எதுவும் இருந்தால் கேட்கும் இடத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் சேர்ந்த இடமும் போகும்.

டி.ஓ. என்றால் இரண்டாந்தரமா?

இல்லை. டி.ஓ. படித்தவரும் முழு மருத்துவர். அறுவை சிகிச்சை செய்யலாம், எந்த மாநிலத்திலும் உரிமம் பெறலாம். 2020-இலிருந்து எம்.டி., டி.ஓ. இருவருக்கும் ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிறகான மருத்துவமனைப் பயிற்சிக்கான அங்கீகார முறை ஒன்றே. ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் ‘மேட்ச்’ முறையில், 2024-இல் எம்.டி. மாணவர்களில் 93.5 சதவீதமும் டி.ஓ. மாணவர்களில் 92.3 சதவீதமும் முதலாண்டு ரெசிடென்சி இடம் பெற்றார்கள். போட்டி கடுமையான சில சிறப்புத் துறைகளில் டி.ஓ.வுக்குச் சிரமம் கூடுதல், அது உண்மை. ஊர்க் கல்யாணத்தில் யாராவது ‘எம்.டி. இல்லையா?’ என்று கேட்பார்கள் என்பதற்காக இந்தக் கதவை மூடாதீர்கள்.

பேசாமல் கரீபியனுக்கோ, இந்தியாவில் என்.ஆர்.ஐ. இடத்துக்கோ அனுப்பிவிடலாமா?

அதே 2024 மேட்ச்சில் வெளிநாட்டில் மருத்துவம் படித்த அமெரிக்கக் குடிமக்களில் இடம் பெற்றவர்கள் 67 சதவீதம். மூன்றில் ஒருவர் பட்டமும் கடனுமாக வெளியே நிற்கிறார். கரீபியனில் இடையிலேயே விலகியவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. படிப்பில் தடுமாறிய காரணம் சரியாகாத பிள்ளையை அங்கே அனுப்புவது, எனக்குத் தெரிந்த எல்லா வழிகளையும்விட ஆபத்தானது. இந்தியாவில் என்.ஆர்.ஐ. இடத்துக்கும் நீட் எழுதித் தேற வேண்டும்; ஐந்தரை வருடம் படித்துத் திரும்பி வந்தாலும் இதே வெளிநாட்டு வரிசையில்தான் நிற்க வேண்டும். அங்கேயே மருத்துவராக வாழ விரும்பினால் அது வேறு.

செலவுக்குக் கடன் கிடைக்குமா?

பட்டம் தராத போஸ்ட்பேக்குக்கு மத்திய அரசுக் கடன் குறுகியது: தயாரிப்புப் பாடங்கள் என்ற பெயரில் தொடர்ச்சியாக 12 மாதத்துக்கு மட்டும். எஸ்.எம்.பி. முதுநிலை என்பதால் வருடம் 20,500 டாலர் வரை உண்டு. முன்பு மிச்சத்தை ‘கிராட் பிளஸ்’ கடன் ஈடுகட்டியது. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அது கிடையாது. மருத்துவப் படிப்புக்கும் வருடம் 50,000, மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. அதனால் தயாரிப்புக் கட்டத்திலேயே தனியார் கடனில் மூழ்கிவிடாமல் பார்த்துக்கொள்வது இப்போது முன்பைவிட அவசியம்.

எச்-4 (வேலை விசா வைத்திருப்பவரின் குடும்பத்துக்கான) விசாவில் இருக்கிறோம். கிரீன் கார்டு இன்னும் வரவில்லை.

நம் குடும்பங்களில் பலருக்கும் உள்ள வேதனை இது. பல மருத்துவக் கல்லூரிகள், குறிப்பாக மாநிலக் கல்லூரிகள், குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே எடுக்கின்றன. எடுப்பவை எவை என்று எம்.எஸ்.ஏ.ஆரில் வடிகட்டிப் பார்க்கலாம். மத்திய அரசுக் கடனும் கிடையாது. சில கல்லூரிகள் பல வருடக் கட்டணத்தை முன்கூட்டியே ஒதுக்கிக் காட்டச் சொல்லும். 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால், அதற்கான ஐ-20 சான்று தரும் முழுநேரப் படிப்பு வேண்டும். ஒன்றிரண்டு வகுப்பாகத் தனியே எடுப்பது பெரும்பாலும் நடக்காது. போஸ்ட்பேக்குக்குப் பணம் கட்டுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

சென்னையில் பி.டெக். முடித்து இங்கே வந்தேன். கிரீன் கார்டு இருக்கிறது. அந்தப் பழைய மதிப்பெண் தொல்லை தருமா?

வெளிநாட்டுப் படிப்பை ஆம்காஸ் ஜி.பி.ஏ.வில் சேர்ப்பதில்லை. அதனால் பழைய அரியர் துரத்தாது; பழைய டிஸ்டிங்ஷனும் உதவாது. பெரும்பாலான கல்லூரிகள் அடிப்படைப் பாடங்களை அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்திருக்கக் கேட்கும், சில கல்லூரிகள் 90 கிரெடிட் வரை கேட்கும். உங்கள் கணக்கு இங்கே புதிதாகத் தொடங்குகிறது. முதல் செமஸ்டரிலிருந்தே ஏ வாங்குங்கள்.

எப்போது விண்ணப்பிப்பது?

ஆம்காஸ் மே தொடக்கத்தில் திறக்கும். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ சமர்ப்பிக்கலாம். சேர்வது அடுத்த வருடம். வர வர இடம் நிரப்புவார்கள் என்பதால் தாமதம் கெடுதல். மதிப்பெண் சரிபார்ப்புக்கே நெரிசல் காலத்தில் ஆறு வாரம் வரை ஆகும். சரிபார்த்த பிறகு வரும் மதிப்பெண் ஆம்காஸ் ஜி.பி.ஏ.வில் ஏறாது. எனவே உங்கள் வலுவான வருடம் முழுவதும் ஏறிய பிறகே சமர்ப்பியுங்கள். அதற்காக ஒரு வருடம் தள்ளிப்போனால் போகட்டும். அந்த வருடத்தில் மருத்துவமனையில் ஸ்கிரைபாகவோ (மருத்துவருக்காகக் குறிப்பு எழுதுபவர்) ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாகவோ (அவசர சிகிச்சை உதவியாளர்) வேலை பாருங்கள். அரைகுறை விண்ணப்பத்தை அனுப்பி, மறுமுறை விண்ணப்பிப்பவர் என்ற குறிப்போடு திரும்ப வருவதைவிட அது எவ்வளவோ மேல்.